அன்றாட வாழ்வில் தன்மலர்ச்சி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

யாம் பெரும்படிப்புப் படித்தவரல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கலாசியாக இரயில்வேயிற் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வெழுதி எழுத்தரானவர். புலவர் பலர் பேசிய மேடையில் எமக்கு என்ன வேலை என்று தயங்கினோம். ஆயினும், அறிந்தவர் கூறுவது ஒரு பயன். தவறு செய்து அறிந்தவர் கூறுவது மற்றொரு பயன். யாம் இரண்டாம் வகையினர். அத்தவறு இன்னதென்பதை உரையின் பிற்பகுதியிற் கூறுவோம்.

நாம் இருவர் சந்தித்தால் எவற்றைப் பேசுகிறோம்? சம்பளம், அகவிலைப்படி, இடமாற்றம், குவார்ட்டர்ஸ் கூரையின் ஒழுக்கு, பிள்ளைகளின் மதிப்பெண். இவை வேண்டியனவே. ஆயின் இவையெல்லாம் ஓரளவு கிடைத்த பின்னும், இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் சிலர்க்கு ஒரு நினைவு வருவதுண்டு. ‘என்னுள் ஏதோ ஒன்று இருந்தது, அது வெளிவராமலே போயிற்று’ என்னும் நினைவு அது. அதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் நகைப்பரோ என்னும் அச்சம். சொல்லப்படாத அந்தப் பசி சிலரிடம் சீட்டாட்டமாகவும், சிலரிடம் குடியாகவும், சிலரிடம் காரணமற்ற சினமாகவும் வெளிப்படுகிறது.

தன்னுள் அமைந்த ஆற்றல் எதுவோ, அதனைச் செயலிற் கொணர்ந்து நிறைவு பெறுதலையே யாம் தன்மலர்ச்சி என்கிறோம். இது புகழன்று, பரிசு பெறுதலுமன்று. வீட்டைத் துறந்து காடேகும் தவமுமன்று. மல்லிகை மலர்வது பிறர் பறிப்பதற்காக அன்று. மலர்வது அதன் இயல்பு. மனிதர்க்கும் அவ்வாறே.

“முதலில் சோறு, பிறகு வீடு, பிறகு மதிப்பு, இவையெல்லாம் முடிந்தபின் பார்த்துக்கொள்வோம்” என்று நம்மிற் பலர் கூறுவர். இக்கருத்துக்கு அறிஞர் ஒருவரின் துணையும் காட்டப்படும். அமெரிக்க உளநூலறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் மனிதத் தேவைகளை வரிசைப்படுத்தினார். உடலின் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, இறுதியில் தன்மலர்ச்சி என்பது அவ்வரிசை. இதனைக் கூர்ங்கோபுரம் போல் வரைந்து, உச்சியில் தன்மலர்ச்சியை எழுதிக் காட்டுவர். அந்தக் கோபுரப் படம் மாஸ்லோ வரைந்ததன்று, பின்வந்தோர் வரைந்தது. வரிசை இறுக்கமானதன்று, மாறுவதுமுண்டு என்று அவரே அக்கட்டுரையில் எழுதியுள்ளார். படம் ஊரெங்கும் பரவிற்று; இக்குறிப்புப் பரவவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. இக்கருத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை மாஸ்லோ எடுத்துக்கொண்டது குர்ட் கோல்ட்ஸ்டைன் என்னும் செருமானிய மருத்துவரிடமிருந்து. அவர் முதல் உலகப் போரில் தலையிற் குண்டடிபட்டு மூளை ஊறுபட்ட வீரர்க்கு மருத்துவம் செய்தவர். பேச்சோ, நினைவோ, கைத்திறனோ இழந்த அவ்வீரர்கள், எஞ்சிய ஆற்றலைக் கொண்டே மீண்டும் ஒரு முழு மனிதராய் இயங்க முயன்றதை அவர் கண்டார். தன் ஆற்றலைச் செயற்படுத்துவதே உயிரின் அடிப்படை நாட்டம் என்று முடிவு செய்தார். எனவே, இக்கருத்து பிறந்த இடம் செல்வர் மாளிகையன்று, காயம்பட்டோர் மருத்துவமனை. நிறைந்தவர்க்கு மட்டும் உரியது இது என்று இனியும் நாம் கூறலாமோ?

எம் ஊரையே சான்றாகக் காட்டுவோம். பொழியூர் என்பது அதன் பெயர். திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடிக் கடற்கரை ஊர். ஆற்றுநீர் மணல்மேட்டை உடைத்துக் கடலிற் சேரும் வாயிலை எம் பக்கத்தில் பொழி என்பர். வடக்கே பூவாற்றில் நெய்யாறு கடலொடு கலக்கிறது. தெற்கே சிறிது நடந்தால் நீரோடி. அது குமரி மாவட்டம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் தமிழகத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆதலின் எமக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பாறசாலை வழியே இருப்புப்பாதை வந்ததும் 1979-இல்தான்.

எம் மக்களின் தொழில் கடல்தொழில். இன்று வலை நிறையும். நாளை வெறும் வலை வரும். ஆனி ஆடி மாதங்களில் கடல் சீறிக் கரையேறும். ஆண்டுதோறும் கரை அரிக்கப்பட்டு, வீடிழந்து, பள்ளிக் கட்டடங்களில் தங்கிய குடும்பங்கள் எம் கரையில் உண்டு. கோபுரப் படத்தின்படி பார்த்தால் எம் ஊரார் அடித்தட்டிலேயே நிற்க வேண்டியவர்கள். சோறும் கூரையும் அன்றி வேறு நினைவே அவர்க்கு இருத்தல் கூடாது.

ஆயின் அங்கே நடப்பது என்ன? மாலையானால் மணலில் கால்பந்து உருளும். யாம் சிறுவராயிருந்த நாளில் இரண்டு துடுப்புகளை மணலில் நட்டால் அதுவே கோல் கம்பம். காலையிற் கரைமடி இழுத்த கைகால் ஓய்ந்த ஆடவர், மாலையில் வேட்டியை மடித்துக் கட்டிச் சிறுவரோடு ஓடுவர். முன்னர் ஆடியவர் பின்னர் வருவோர்க்குக் கற்றுக்கொடுப்பர்.

நம் நாட்டில் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைப் போட்டி 1941-இல் தொடங்கியது. அப்போட்டிக்கு ஆட்டக்காரர் பலரை அனுப்பியதால், எம் சிற்றூரைச் ‘சந்தோஷ் டிராபி ஊர்’ என்றே செய்தித்தாள்கள் எழுதுவதுண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எம் கரையைத் தாக்கிற்று. தூத்தூர், நீரோடி முதல் பூந்துறை வரை கடலுக்குச் சென்று மீளாதவர் பலர். அழுகுரல் ஓயாத வீடுகள் எத்தனை! அதற்கு நான்கு திங்கள் கழித்து, 2018 ஏப்ரல் 1-ஆம் நாள், கொல்கத்தாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கேரள அணி வங்க அணியை வென்று ஆறாம் முறையாகக் கோப்பையைப் பெற்றது. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என நின்று, பெனால்ட்டி உதைகளில் நான்குக்கு இரண்டு என முடிந்தது. அவ்வணியில் எம் ஊர்ச் சீசனும் இருந்தார்.

“விளையாட்டால் அரசு வேலை கிடைக்கும், அதற்காக ஆடுகின்றனர்” என்று கூறுவார் உளர். உண்மைதான், சிலர்க்குக் கிடைத்தது. ஆயின் நூறு பேர் ஆடினால் வேலை பெறுவோர் ஒருவரோ இருவரோ. ஐம்பது வயதில், இனி எந்த வேலையும் வாராது என்று தெரிந்தும், காலில் துணி சுற்றிக்கொண்டு ஆடுகிறாரே ஒருவர், அவர் எதற்காக ஆடுகிறார்? அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கடனாளியல்லர், வீடிழந்தவரல்லர், தாம் யாரோ அவராகவே இருக்கிறார். மறுநாள் வள்ளம் தள்ளும் வலிமையை அந்த ஒரு மணி நேரமே அவர்க்குத் தருகிறது.

இதனாற் சோற்றையும் கூரையையும் சிறிதென்று யாம் கூறியதாகக் கொள்ளற்க. கடலரிப்பைத் தடுக்க வேண்டும். வீடிழந்தோர்க்கு வீடு வேண்டும். பந்தாட்டம் அவற்றுக்கு ஈடாகாது. அதுபோலவே, சோறும் வீடும் பந்தாட்டத்துக்கு ஈடாகா என்பதே எம் கருத்து. இரண்டும் தேவை, இரண்டும் இன்றே தேவை.

நம்மைப் போன்ற எழுத்தர் ஒருவரையும் இங்கு நினைவு கூர்வோம். 1912 மார்ச்சு 1-ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் ஓர் இளைஞர் சேர்ந்தார். கல்லூரித் தேர்வில் தவறியவர், வறுமையை நன்கறிந்தவர். அவர் கணிதமேதை சீனிவாச இராமானுசன். 1913 சனவரியில் கேம்பிரிட்சிலிருந்த ஆர்டிக்குக் கடிதம் எழுதியபோதும் அவர் அந்த எழுத்தர் வேலையில்தான் இருந்தார். நிலையான வாழ்வு அமைந்த பின்னர்க் கணக்குப் போடலாம் என்று அவர் காத்திருந்தால், உலகம் அவரை அறிந்திராது.

எல்லாரும் இராமானுசன் ஆதல் இயலாது. மெய்தான். ஆயின் அவ்வரலாற்றில் நாராயண ஐயர் என்னும் இன்னொருவரும் இருக்கிறார். அதே அலுவலகத்தில் இராமானுசனுக்கு மேலலுவலர். தாமும் கணிதம் பயின்றவர். கீழ்ப்பணியாளரின் திறனைக் கண்டு முகஞ்சுளிக்காமல், மாலை வேளைகளில் அவரோடு சிலேட்டும் கையுமாக அமர்ந்து கணக்கிட்டவர். இராமானுசன் ஆவது நம் கையில் இல்லை. நாராயண ஐயர் ஆவது நம் ஒவ்வொருவர் கையிலும் உண்டு. அதற்கு வேண்டியது, பக்கத்திலிருப்பவரின் மலர்ச்சிக்குச் சிறிது இடம் விடும் மனம்.

அந்த இடத்தை விடாத ஒருவரின் கதையை இனிக் கூறுவோம். அவர் யாமே.

எம் மகள் எட்டாம் வகுப்புப் படித்தபோது, இன்ஸ்டிட்யூட்டின் பின்புறத் திடலில் பையன்களோடு பந்தாடுவாள். உங்களிற் சிலர் கண்டிருப்பீர்கள். பொழியூர்க் குருதியன்றோ! எம் உள்ளம் மகிழ்ந்தது. ஆயின் வாய் வேறு கூறிற்று. “முதலில் மதிப்பெண், பிறகு வேலை, ஆட்டமெல்லாம் அதன் பிறகு” என்றோம். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வரோ என்னும் அச்சமும் இருந்தது; அதை அவளிடம் சொல்லவில்லை. பந்தை எடுத்து அலமாரியின் மேல் வைத்தோம். அவள் மறுத்துப் பேசவில்லை. மதிப்பெண் உயரவில்லை, வீட்டில் அவள் பேச்சுக் குறைந்தது. அதனை அடக்கம் என்று நாம் பாராட்டினோம். ‘நாம்’ என்றது எம்மையும் உங்களையும் சேர்த்துத்தான்.

இரண்டாண்டு கழித்து, சென்ற கோடையில் ஊருக்குச் சென்றோம். மாலையில் மணலில் சிறுமியர் சிலர் பந்தாடினர். இவள் கரையேற்றிய ஒரு வள்ளத்தின் நிழலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “நீயும் போய் ஆடேன்” என்றோம். அவள் எம்மைப் பாராமலே, “எனக்கு மறந்துபோயிற்று அப்பா” என்றாள்.

அவ்விரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எம் துணைவியாரிடம் இதைக் கூறியபோது, “எனக்கும்தான் பாட்டு மறந்துபோயிற்று, யாரும் கேட்கவில்லை” என்றார். அவர் பாடுவார் என்பதே, மணமாகிப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர்த்தான் எமக்குத் தெரிந்தது.

திரும்பி வந்ததும் அலமாரி மேலிருந்த பந்தை எடுத்துச் சைக்கிள் கடையில் காற்றடித்தோம். நிற்கவில்லை. “இரண்டு வருடம் சும்மா கிடந்ததால் பிளாடர் காய்ந்து வெடித்துவிட்டது” என்றார் கடைக்காரர். புதுப்பந்து வாங்கினோம். இப்போது அவள் வாரத்தில் இரண்டு நாள் தனியே சென்று உதைக்கிறாள். பழைய சிரிப்பு இன்னும் வரவில்லை. வரும் என்று நம்புகிறோம்.

அன்பர்களே! நேரமில்லை என்பது நம் முதல் தடை. நாள் முழுதும் வேண்டியதில்லை. அரைமணி போதும், ஆனால் நாள்தோறும் வேண்டும். திறமையில்லை என்பது இரண்டாம் தடை. தோட்டமிடுவதும், மரத்தில் பொம்மை செதுக்குவதும், பிறர் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதும் தன்மலர்ச்சியே. இது தன்னலமன்றோ என்பது மூன்றாம் தடை. மலராத தந்தையின் சினத்தையும், மலராத தாயின் பெருமூச்சையும் உண்டு வளர்வது பிள்ளைகளே. ஆதலின் நம் மலர்ச்சி நம் வீட்டுக்கும் செய்யும் கடமையாகும்.

சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று: பின்புறத் திடலை மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை நம் சிறுமியர்க்கென்று ஒதுக்குங்கள். யாம் நாள்தோறும் காவல் நிற்போம். இரவுப் பணி நாளில் வேறொருவர் நிற்கட்டும். மற்றொன்று: சங்க நூலகத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். தமக்குத் தெரிந்த கலை எது, மறந்துபோன கலை எது என்று ஆடவரும் மகளிரும் அதில் எழுதட்டும். கற்பிப்பாரும் கற்பாரும் அதன் வழியே ஒருவரையொருவர் கண்டுகொள்வர். முதற்பக்கத்தில் எம் துணைவியார் தம் பெயரை எழுத இசைந்துள்ளார்.

இன்று வீடு திரும்பியதும், உங்கள் இல்லத்தில் இருப்போரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உனக்கு மறந்துபோனது எது?” விடை வருமளவும் பொறுத்திருங்கள். முன்னரே கேட்டிருந்தால், எம் மகளின் இரண்டு ஆண்டுகள் வீணாகியிரா.