அழுங்குக்கும் தாய்ப்பால் உண்டு



சாத்தனூரில் 12 கோடி ஆண்டுக்கு முன் விழுந்து கல்லாகிப்போன மரத்துக்கு வேலி போட்டுக் காக்கிற மாவட்டம் இது. இங்கே உயிரோடு இருப்பவற்றுக்காகப் பேசினால் அடிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் வந்திருக்கிறேன்.

‘மரபு மருத்துவம் வாழ, பழைய செய்முறையை அப்படியே காப்பதா, காலத்துக்கேற்ப மாற்றுவதா?’ இது தலைப்பு. மாற்றத்தான் வேண்டும் என்பது எங்கள் கட்சி. எதிரணி அம்மையார் கேட்டார்கள்: “உங்க வீட்டுப் பிள்ளை நோயில கிடந்தா மிருகத்தைப் பார்ப்பீங்களா, பிள்ளையைப் பார்ப்பீங்களா?” நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பிள்ளையைத்தான் பார்ப்பேன். ஆனா, அந்த மருந்து பிள்ளையைக் காப்பாத்துமான்னு முதல்ல கேட்பேன்.

அழுங்கு தெரியுமா? எறும்புத்தின்னி. பல் கிடையாது. கரையானையும் எறும்பையும் தின்று பிழைக்கிற சாது. ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தையின் பல்லே அந்தச் செதிலில் இறங்கத் திணறும். ஆனால் சுருண்டு கிடப்பதை ஒரு மனுஷன் சாக்கில் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடலாம். சிறுத்தைக்குத் தப்பியது சாக்குக்குத் தப்பவில்லை.

எதற்காக? சீன வைத்தியத்தில் அந்தச் செதிலை வறுத்துப் பொடித்து, பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுத்தார்கள். அங்கே அழுங்கு அருகியதும் நம் காடுகளிலும் கண்ணி விழுந்தது. அந்தச் செதில் எதனால் ஆனது? கெரட்டின். நம்ம நகமும் அதே கெரட்டின்தான். வெட்டிப் போட்ட நகத்தையெல்லாம் சேர்த்திருந்தால் என் வீட்டம்மா இந்நேரம் ஒரு மருந்துக்கடை வைத்திருப்பாள்! (சிரிப்பு)

என் தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தபோது எங்க அம்மா பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். பால்சுறாக் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். (“சுறா மட்டும் பாவமில்லையா?” என்கிறார் எதிரணித் தம்பி. சரி தம்பி, சுறாவை விட்டுவிடுகிறேன்.) சீனர்களுக்கும் இப்படி உண்டு. பால் சுரக்க ஒரு சின்னச் செடியின் விதையை அவர்களுடைய வைத்தியமே நெடுங்காலமாகச் சொல்கிறது. மாற்று மருந்து அதே அலமாரியில், பக்கத்து டப்பாவில் இருந்திருக்கிறது!

அழுங்கு பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். தாய் அதை வாலின்மேல் ஏற்றிக்கொண்டு நடக்கும். ஒரு தாய்க்குப் பால் ஊறவேண்டும் என்று, பால் கொடுக்கிற இன்னொரு தாயை வறுத்தார்கள். அம்மையார் அவர்களே, பிள்ளையைப் பார்க்கச் சொன்னீர்களே, அந்தப் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

2016-ல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் எட்டு வகை அழுங்குகளுக்கும் சர்வதேச வணிகத் தடை முடிவாயிற்று. 2020-ல் சீன அரசே தன் மருந்து நூலின் பட்டியலிலிருந்து செதிலை எடுத்துவிட்டது. சில கூட்டு மருந்துகளில் மட்டும் அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லாமே பொய் மருந்து என்று சொல்ல வரவில்லை. கரடிப் பித்தத்தில் உண்மையாகவே சரக்கு இருக்கிறது. சிலவகைப் பித்தப்பைக் கல்லைக் கரைக்கும் அமிலம் அதில் உண்டு. இன்று அதே அமிலத்தை மாட்டுப் பித்தத்திலிருந்து ஆலையில் செய்கிறார்கள். டாக்டர் சீட்டைக் காட்டினால் நம்மூர் மருந்துக்கடையிலேயே மாத்திரையாகக் கிடைக்கும். செய்முறை மாறியது, மருந்தா செத்துப்போச்சு?

நாம் மட்டும் யோக்கியமா? ராமநாதபுரம் கடலில் கடல்குதிரையையும் கடலட்டையையும் பிடித்து உலர்த்தி வெளிநாட்டுக்கு அனுப்பினோம். 2001-ல் சட்டம் தடுத்தது. அதை நம்பிப் பிழைத்த மீனவர் வயிறு காய்ந்ததும் நிஜம். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

“நூலில் எழுதியதை மாற்றலாமா?” என்றார்கள். வள்ளுவர் 95-வது அதிகாரத்தை மருந்துக்கென்றே வைத்தார். பத்துக் குறளிலும் ஒரு மிருகத்தின் பெயர் இல்லை. ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. முன்னே தின்றது செரித்தபிறகு, பசித்தபின் சாப்பிடு என்கிறார். இந்த நூலை அப்படியே பின்பற்ற எதிரணி தயாரா? மத்தியானம் பந்தியில் பார்த்தேன், மூணாவது தடவையாகப் பாயசம் வாங்கினார்கள்! (பலத்த சிரிப்பு)

நடுவர் மணியைத் தொடுகிறார். அவர் நாலாவது தடவை வாங்கியதை நான் சொல்லவில்லை. தீர்ப்பு எங்கள் பக்கம் வரும் என்று நம்புகிறேன்.