தானே நடக்கும் கடை



கடையில் முதலாளி உட்கார வேண்டாம், கல்லாவில் ஆள் வேண்டாம். கணினி மென்பொருளே விலை வைக்கும், சரக்குக்கு ஆர்டர் போடும், வாடிக்கைக்காரருக்குப் பதில் சொல்லும் என்று இன்று விளம்பரம் செய்கிறார்கள். இணையத்தில் கடை வைத்திருப்போருக்கு இந்த மென்பொருளை மாத வாடகைக்கு விடும் கம்பெனிகள் பல உண்டு. புது யந்திரம் என்றதும் கல்லெடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் அல்ல நாம். ஆனால் அது யார் சொன்னபடி ஓடுகிறது, தவறினால் யார் தலையில் விழுகிறது என்று கேட்காமல் இருக்க முடியுமா?

அமெரிக்காவில் 2011 ஏப்ரலில் நடந்ததைக் கேளுங்கள். பழ ஈயைப் பற்றிய ஒரு விஞ்ஞான நூல். அமேசான் இணையச் சந்தையில் அதன் புதுப் பிரதியை இரண்டு கடைகள் விற்பனைக்குப் போட்டிருந்தன. ஒரு கடையின் மென்பொருள், எதிர்க்கடை விலையைவிடத் துளி குறைத்து வைக்கும். மற்றக் கடையினுடையது, எதிர்க்கடை விலைக்கு மேல் சுமார் 27 சதவிகிதம் கூட்டி வைக்கும். இது ஏற, அது ஒட்டிக்கொண்டு ஏற, மறுநாள் மறுபடியும் ஏற, கடைசியில் அந்த ஒரு நூலின் விலை 2 கோடியே 36 லட்சத்து 98 ஆயிரத்து 655 டாலர்! தபால் செலவு 3 டாலர் 99 சென்ட் தனி. (சிரிப்பு)

இதைத் தினமும் கவனித்து வெளியிட்டவர் பெர்க்லி பல்கலைக் கழக விஞ்ஞானி மைக்கேல் ஐசன். கூட்டி வைத்த கடைக்காரரிடம் நூலே இல்லாமல் இருக்கலாம். ஆர்டர் வந்ததும் மற்றவரிடம் வாங்கி அனுப்பும் உத்தேசமாக இருக்கலாம் என்றார் அவர். நெல் மண்டித் தரகில் நாம் பார்க்காத வித்தையா! கடைக்காரர் யாராவது ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தால் விலை நின்றிருக்கும். பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தானே மென்பொருளை வைத்தார்கள்?

அது சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. 2014 டிசம்பர் 12 மாலை பிரிட்டனில் நடந்தது அப்படியல்ல. வட அயர்லாந்துக் கம்பெனி ஒன்றின் விலை வைக்கும் மென்பொருள் தடுமாறி, அமேசானில் விற்கும் சிறு வியாபாரிகள் பலருடைய சரக்கை ஒரு பென்னிக்கு, அதாவது பவுனில் நூறில் ஒரு பங்குக்கு, இறக்கிவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் இந்தக் கூத்து. கிறிஸ்துமஸ் வியாபார நேரம் வேறு. பலருடைய சரக்கு அமேசான் கிடங்கில் இருந்தது. அங்கும் ஆர்டரை ஏற்பது கணினிதான். ஒரு பென்னிக்கும் அது பில் போட்டது. பெரும்பாலான ஆர்டர்களை அமேசான் பிறகு ரத்து செய்தது. அதற்குள் கிளம்பிவிட்ட பார்சல்கள் போனது போனதுதான். மென்பொருள் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. நஷ்டக் கணக்கு சிறு வியாபாரியின் நோட்டில் ஏறியது.

சரி, ஆர்டர் விழுந்ததும் சரக்கைத் தேடி எடுத்துக் கட்டி அனுப்புவது யார்? கிடங்குத் தொழிலாளி. "தானே நடக்கும்" என்கிறவர்கள் இவரைப் பற்றிப் பேசுவதில்லை. இவர் கையில் ஒரு ஸ்கேனர். ஒவ்வொரு சரக்கையும் எடுத்த நேரம் அதில் பதிவாகிறது. கை ஓய்ந்த நேரமும் கணக்கில் ஏறுகிறது. பால்டிமோர் நகர அமேசான் கிடங்கில் 2017 ஆகஸ்டு முதல் 2018 செப்டம்பர் வரை சுமார் 300 பேர் வேகம் போதவில்லை என்று நீக்கப்பட்டார்கள். எச்சரிக்கையையும் வேலைநீக்கத்தையும் மேற்பார்வையாளர் கை படாமல் மென்பொருளே தயாரிக்கிறது என்று கம்பெனி வக்கீல் எழுதிய கடிதம் 2019-ல் பத்திரிகையில் வெளிவந்தது. மேற்பார்வையாளர் நினைத்தால் மாற்றலாம் என்றது கம்பெனி. நினைத்தால்!

மேஸ்திரி கெடுபிடி செய்தால் நேரே போய்க் கேட்கிறோம். ஸ்கேனரிடம் போய் என்ன கேட்பது? கலிபோர்னியாவில் தொழிற்சங்கங்கள் அதற்குக் கட்டளையிட்டவர்களைக் கேட்டன. அங்கே 2021-ல் நிறைவேறிய சட்டம் 2022 ஜனவரி 1-ல் அமுலுக்கு வந்தது. பெரிய கிடங்குகள், தொழிலாளியிடம் எவ்வளவு வேலை எதிர்பார்க்கிறார்கள் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தையும் கழிப்பறைக்குப் போகும் நேரத்தையும் பறிக்கிற அளவு செல்லாது. அப்படிப் பறிபோனதாக நினைக்கும் தொழிலாளி, தம்முடைய 90 நாள் வேகக் கணக்கைக் கேட்டு வாங்கலாம். வேலையிலிருந்து போனவரும் ஒரு முறை கேட்கலாம்.