முகவரிக்குள் ஊர்ப் பெயர்: ஜாங்கோவும் கோட்டையூரும்

காரைக்குடியிலிருந்து பேசுறேன். போன எபிசோட்ல ஜாங்கோவை நிறுவினோம். இன்னைக்கு, யுஆர்எல்லுக்குள்ள வர்ற மாறியை எப்படி எடுக்கிறதுன்னு பார்ப்போம்.

செட்டிநாட்டு ஊர்களுக்காக ஒரு சின்ன தளம் எழுதினேன். ஊருக்கு ஒரு ஃபங்ஷன் எழுதினா கட்டுப்படியாகுமா? அதனால யுஆர்எல் வடிவத்துல 'ஊர்', ஒரு சாய்கோடு, அப்புறம் கூர் அடைப்புக்குள்ள 'இன்ட்', முக்காற்புள்ளி, மாறியின் பெயர். யாராவது ஊர்/12 என்று கேட்டால், 12 முழு எண்ணாகவே வியூ ஃபங்ஷனுக்குள் வந்துவிடும். எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால் அந்த வழி பொருந்தாது, 404தான். 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0 முதல் இந்த எளிய வடிவம் இருக்கு.

12ன்னா எந்த ஊருன்னு எனக்குத் தெரியும், படிக்கிறவங்களுக்கு? ஊர்ப் பெயரையே வைப்போம்னு 'ஸ்லக்' வகைக்கு மாத்தினேன். எல்லா ஊரும் 404! ஸ்லக் என்பது ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு மட்டுமே ஏற்கும். 'எஸ்டிஆர்' வகை சாய்கோடு தவிர எதையும் ஏற்கும். அதுக்கு மாத்தினதும் காரைக்குடி, பள்ளத்தூர், ஆத்தங்குடி எல்லாம் திறந்துச்சு.

முகவரியை நகலெடுத்தா 'காரைக்குடி' 90 எழுத்தா நீளும். பத்துக் குறி, ஒவ்வொண்ணும் யுடிஎஃப்-8ல 3 பைட், ஒரு பைட்டை எழுத சதவீதக் குறியோட 3 எழுத்து. பயப்படாதீங்க, ஜாங்கோ அதைத் தமிழாக்கித்தான் வியூவுக்குத் தரும்.

ரெண்டு நாள்ல கோட்டையூர் அண்ணன் ஒருத்தர் போன். "என்ன தம்பி, எங்க ஊரை மட்டும் விட்டுட்டியளே?" சுருக்குன்னு இருந்துச்சு. தரவுத்தளத்துல கோட்டையூர் இருக்கு. அவர் முகவரியில தட்டினதும் கண்ணுக்கு அதே எழுத்துதான்.

சிக்கல் 'கோ'வில். அதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு சொல்.

தீர்வு ஒரு வரி. மாறி வியூவுக்குள் வந்ததும், தேடுறதுக்கு முன்னாடி, பைத்தானின் யூனிகோட்டேட்டாவில் உள்ள 'நார்மலைஸ்' வழியா என்எஃப்சி வடிவத்துக்கு மாத்துங்க. தரவைச் சேமிக்கும்போதும் அதையே செய்யுங்க. ஒரு பக்கம் மட்டும் செஞ்சா பயனில்லை.

நான் காரைக்குடியை மட்டும் சோதிச்சுட்டு விட்டது என் தப்பு. நீங்க கோட்டையூர், கொத்தமங்கலம் ரெண்டையும் ரெண்டு விதமாவும் தட்டிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.