கெய்ரோவில் மாறிய கேள்வி

‘குடும்பக் கட்டுப்பாடு’ என்னும் சொற்றொடர் நம் செவிக்கு நன்கு பழகிப்போன ஒன்று. பேருந்தின் முதுகிலும் மருத்துவமனைச் சுவரிலும் சிவப்பு முக்கோணத்தோடு அது எழுதப்பட்டிருந்ததை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அச்சொற்றொடரைச் சற்றே பிரித்துப் பார்த்தால் ஒரு வினா எழுகிறது. கட்டுப்படுவது குடும்பம், கட்டுப்படுத்துவது யார்? கணவனும் மனைவியும் தாமே கூடி முடிவு செய்கிறார்களா? அன்றி, அரசாங்கம் முடிவு செய்து அவர்களுக்கு அறிவிக்கிறதா? அரசாங்கத்துக்கும் அப்பால் இருந்துகொண்டு பணம் கொடுக்கும் நாடுகள் முடிவு செய்கின்றனவா? உலக நாடுகள் மாநாடு கூட்டி இத்தனை ஆண்டுகளாக வாதாடியதெல்லாம் இந்த ஒரு வினாவைப் பற்றியே எனலாம்.

இத்துறையில் நம் நாடு பிறர் சொல்லக் கேட்டு இறங்கிய நாடன்று. மக்கட்பெருக்கத்தை மட்டுப்படுத்துவதை அரசின் கொள்கையாகவே ஏற்றுக்கொண்ட முதல் நாடு இந்தியா. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்கென 65 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டு நவம்பரில் பம்பாயில் நடந்த ஒரு மாநாட்டில்தான் குடும்பத் திட்டத்துக்கான உலகக் கூட்டமைப்பும் பிறந்தது. அதற்கு முன்னின்றவர்கள் அமெரிக்காவின் மார்கரெட் சாங்கரும் நம் தன்வந்தி ராமராவும் ஆவர். ராமராவ் அம்மையார் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, ராணி மேரிக் கல்லூரியில் கற்பித்தவர் என்பதைச் சென்னைவாசிகள் சிறிது பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

1954-இல் ரோமாபுரியிலும் 1965-இல் பெல்கிரேடிலும் கூடிய மக்கள்தொகை மாநாடுகள் அறிஞர்களின் கூட்டங்களே. அரசாங்கங்களே பிரதிநிதிகளை அனுப்பிப் பேசிய முதல் மாநாடு, 1974 ஆகஸ்டில் ருமேனியாவின் தலைநகரான புக்காரெஸ்டில் கூடியது. மக்கட்பெருக்கத்தின் வேகத்தை இந்த ஆண்டுக்குள் இந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று எண்களை வரையறுக்கச் செல்வ நாடுகள் விரும்பின. ஏழை நாடுகளோ, ‘எங்கள் வறுமைக்குக் காரணம் எங்கள் குழந்தைகளா, உலக வாணிபத்தின் அநீதியா?’ என்ற போக்கில் எதிர்க்கேள்வி கேட்டன. நம் நாட்டுத் தூதுக்குழுவின் தலைவராகச் சென்ற சுகாதார அமைச்சர் கரண் சிங், வளர்ச்சியைவிடச் சிறந்த கருத்தடைச் சாதனம் வேறில்லை என்ற கருத்தைச் சொல்லி உலகின் கவனத்தை ஈர்த்தார்.

அவ்வளவு அழகாகப் பேசிய நாடு, பேசி இரண்டாண்டு முடிவதற்குள் என்ன செய்தது? நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், அதே அமைச்சர் வெளியிட்ட மக்கள்தொகைக் கொள்கை, வளர்ச்சி வரும் வரை காத்திருக்க இயலாது என்றது. ஆசிரியர்களுக்கும் வருவாய்த்துறை ஊழியர்களுக்கும் ‘இத்தனை பேரை அழைத்து வா’ என்று இலக்கு விதிக்கப்பட்டது. தவறினால் சம்பளம் நிறுத்தப்பட்டது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அவற்றுள் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. வட மாநிலங்களில் ஊரை வளைத்துப் பிடித்துச் செல்லவும் துணிந்தார்கள். 1977 தேர்தலில் வட இந்தியா தந்த தீர்ப்புக்கு இது ஒரு பெருங்காரணம் என்பர். அதன் பிறகு ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயரையே அரசு ‘குடும்ப நலம்’ என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறிற்று, இலக்கு மாறவில்லை.

இதில் உலக நாடுகளின் பங்கையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அந்த 1976-இலேயே இந்தியாவுக்கு வந்த உலக வங்கித் தலைவர் மக்னமாரா நம் அரசின் உறுதியைப் பாராட்டிச் சென்றார். 1983-இல் ஐக்கிய நாடுகள் சபை மக்கள்தொகை விருதை முதன்முறையாக வழங்கியபோது, அதனைப் பெற்றவர்கள் நம் பிரதமர் இந்திரா காந்தியும், ஒரு குழந்தைக்கு மேற்படலாகாது என்று சட்டம் வகுத்த சீனத்தின் அமைச்சர் ஒருவருமே. எண்ணிக்கை குறைந்தாற் போதும், எவ்வாறு குறைந்தது என்று கேட்க வேண்டுவதில்லை என்ற மனப்பான்மை அன்று அத்துணை வலுவாக இருந்தது. 1984-இல் மெக்சிகோ நகரில் கூடிய மாநாட்டில், அதுவரை எண்களை வற்புறுத்திய அமெரிக்காவே தடம் மாறி, கருக்கலைப்புக்குத் துணைபுரியும் அயல்நாட்டுச் சங்கங்களுக்கு உதவி கிடையாது என்று அறிவித்தது. அந்த விதி, ஆட்சி மாறுந்தோறும் நீக்கப்படுவதும் திரும்புவதுமாக இருந்து, 2025 ஜனவரியில் மீண்டும் ஒருமுறை கொண்டுவரப்பட்டது.

இனிக் கெய்ரோவுக்கு வருவோம். 1994 செப்டம்பர் 5 முதல் 13 வரை, 179 நாடுகள் எகிப்தின் தலைநகரில் கூடின. மாநாட்டின் பொதுச் செயலாளர் நஃபீஸ் சாதிக் என்ற அம்மையார். அவர் நம் ஜான்பூரில் பிறந்து பாகிஸ்தானில் பணிபுரிந்த மருத்துவர். மாநாட்டு மண்டபத்தைச் சுற்றிப் பல நாடுகளின் மாதர் சங்கத்தினர் திரண்டிருந்தனர். ‘எங்கள் உடலைப் பற்றிப் பேசும்போது எங்களையும் கேளுங்கள்’ என்பதே அவர்கள் கோரிக்கையின் சாரம்.

இத்தகைய மாநாடுகளில் ஒரு விந்தையான வழக்கம் உண்டு. வரைவு அறிக்கையில் உடன்பாடு ஏற்படாத சொற்களைச் சதுர அடைப்புக்குள் இட்டு வைப்பார்கள். கெய்ரோவுக்கு வந்த வரைவில் ‘இனப்பெருக்க நலம்’ என்ற சொல்லே அவ்வாறு அடைபட்டுக் கிடந்தது. (தமிழிலும் இதற்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை, ‘இனப்பெருக்கம்’ என்றால் கால்நடைத் துறை நினைவுக்கு வருகிறது.) வாடிகனும் சில கத்தோலிக்க நாடுகளும் முஸ்லிம் நாடுகளும், அச்சொல்லின் வழியே கருக்கலைப்பு நுழைந்துவிடும் என்று அஞ்சின. நாட்கணக்கில் வாதம் நடந்தது. முடிவில் ஒரு பத்தி உருவாயிற்று. கருக்கலைப்பைக் குடும்பத் திட்ட முறையாக எந்நிலையிலும் வளர்க்கலாகாது. ஆனால் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் அது ஆபத்தின்றிச் செய்யப்பட வேண்டும். பாதுகாப்பற்ற முறையாற் பெண்கள் மாள்வதை நாட்டின் சுகாதாரப் பிரச்சினையாகக் கருத வேண்டும். இருதரப்பினருக்கும் முழு நிறைவு தராத வாசகந்தான். எனினும், அன்றிருந்த கருத்து வேற்றுமையில் அவ்வளவு கிடைத்ததே பெரிது என்பது என் எண்ணம்.

அதைவிடப் பெரிய மாற்றம், அவ்வளவு ஓசையின்றி நடந்தது. எத்தனை பிறப்பைத் தடுத்தோம் என்று அரசாங்கங்கள் கணக்கு வைத்துக்கொள்வதை விடுத்து, பெண் எதை விரும்புகிறாள், அது அவளுக்குக் கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும் என அறிக்கை கூறிற்று. பெண் குழந்தைக்குப் படிப்பு, பிரசவத்தில் தாய் உயிர் பிழைத்தல், பிறந்த குழந்தை சாகாதிருத்தல் ஆகிய இவை கிடைத்தால் குடும்பம் தானே சிறுக்கும் என்பது அதன் அடிப்படை. இது வெறும் ஆசை வார்த்தையன்று. பொருளியலறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டிய ஒரு கணக்கு உண்டு. 1979-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகச் சீனத்தில் 2.8 குழந்தைகளும், கேரளத்தில் 3.0 குழந்தைகளும் பிறந்தன. 1991-இல், அத்தனை கட்டாயத்துக்குப் பிறகு, சீனத்தில் அது 2.0 ஆயிற்று, கட்டாயச் சட்டம் இல்லாத கேரளத்திலோ 1.8 ஆயிற்று. நம் தமிழ்நாட்டிலும் அதே காலத்தில் 3.5-லிருந்து 2.2-க்கு இறங்கியது. இங்கும் இலக்குகளும் ஊக்கத்தொகைகளும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சட்டத்தின் கோலால் அடித்து இறக்கியதன்று அது.

கெய்ரோவுக்குச் சில திங்கள் முன்பே, டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் அமைந்த குழு, இலக்கு முறையைக் கைவிடுமாறு நம் அரசுக்குப் பரிந்துரைத்திருந்தது. 1996 ஏப்ரலில் மத்திய அரசு நாடெங்கும் அம்முறையை நீக்கியது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியா முழுமைக்குமான சராசரி 2.0 என்று வந்தது. மக்கட்பெருக்கத்தால் உலகமே பஞ்சத்தில் மாளும் என்று ஆரூடம் சொன்னவர்கள் இந்த எண்ணை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

பணத்தின் கதை அத்தனை இனியதன்று. 2000-ஆம் ஆண்டில் இப்பணிக்கு 1,700 கோடி டாலர் தேவைப்படும் என்று கெய்ரோவில் மதிப்பிட்டு, மூன்றில் இரண்டு பங்கை வளரும் நாடுகளே ஏற்பதென்றும் ஒரு பங்கைச் செல்வ நாடுகள் தருவதென்றும் பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு பங்கு முழுமையாக வந்து சேரவில்லை.

நம் வீட்டுக் குறையையும் சொல்ல வேண்டும். 2014 நவம்பரில், சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்த ஒரு முகாமில், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். அதையொட்டிப் பத்துப் பெண்களுக்கு மேல் இறந்துபோயினர். எல்லோரும் ஏழை வீட்டுப் பெண்கள். தாளில் இலக்கு இல்லாதிருந்தும் முகாம் மனத்தில் இலக்கு இருந்ததைத்தான் இது காட்டிற்று. 2016-இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது.

கெய்ரோ அறிக்கையின் நான்காம் அதிகாரத்தில் ஆண்களின் பொறுப்பு என்று தனிப் பகுதி ஒன்று உண்டு. மேற்சொன்ன 2019-21 கணக்கெடுப்பின்படி, மணமாகிக் குடும்பம் நடத்தும் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்கள் நூற்றுக்கு 0.3. நெருக்கடி நிலையின் கொடுமையை ஆண்கள் மறக்கவில்லை. அதன் வட்டியைப் பெண்கள் கட்டிவருகிறார்கள்.