ஜோக்பனிக்கு அப்பால் ஒரு பகல்

(ஈரோடு விசைத்தறித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நேபாளம் போய் வந்தோம் என்றதும், "பசுபதிநாதர் கோயிலைப் பார்த்தீர்களா? இமயமலையைப் பார்த்தீர்களா?" என்று பலர் கேட்கிறார்கள். இரண்டையும் பார்க்கவில்லை. அந்த நாட்டில் நாங்கள் இருந்தது ஒரே ஒரு பகல். பார்த்தது ஒரு சணல் ஆலை. அதுவும் ஓடாத ஆலை. ஆனாலும் அதைப் பற்றி இந்தக் கூட்டத்தில் சொல்லியே ஆகவேண்டும்.

2025 செப்டம்பரில் ஜோக்பனிக்கும் ஈரோட்டுக்கும் இடையே வாரம் ஒரு ரயில் விட்டார்கள். குளுகுளு பெட்டி ஒன்றுகூட இல்லாத வண்டி. ஜோக்பனி என்பது பீகாரின் வடகிழக்குக் கோடியில், அராரியா ஜில்லாவில் உள்ள ஊர். தண்டவாளம் அங்கே முடிந்துவிடுகிறது. 3000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஈரோட்டுக்கு எதற்கு ஒரு ரயில்? மஞ்சள் வாங்கவா? ஆள் வருவதற்குத்தான்! நம் தறிக்கூடங்களுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் அந்தப் பக்கத்து வாலிபர்கள் வருகிறார்கள். நம்மோடு தறி ஓட்டும் அப்படி ஒருவர் ஊருக்குப் புறப்பட்டபோது, "அண்ணா, எங்க ஊரையும் ஒரு தடவை வந்து பாருங்க" என்றார். நாங்கள் இருவர் கிளம்பிவிட்டோம்.

அவருக்குக் காணி நிலம் கிடையாது. தகப்பனார் பிறர் வயலில் நாற்று நட்டு, நெல் அறுத்துப் பிழைப்பவர். 2008 ஆகஸ்டில் நேபாளத்துக் குசஹாவில் கோசி நதி கரையை உடைத்தது. பீகாரில் லட்சக்கணக்கான ஜனங்கள் வீடு வாசல் இழந்தார்கள். அராரியாவும் தப்பவில்லை. வெள்ளத்துக்கு எல்லை ஏது?

மறுநாள் காலை எல்லைக்குப் போனோம். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். 1950-ம் வருட உடன்படிக்கை இருப்பதால் நம்மவர் அங்கே போகவும் அவர்கள் இங்கே வரவும் பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். சிப்பாய் எங்கள் பையைத் திறந்து பார்த்தார். வேட்டி துண்டைத் தவிர ஒன்றுமில்லை. போ என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான், வேறு நாடு! கடிகாரத்தில் 15 நிமிஷம் கூடுகிறது. நம் 100 ரூபாய் அங்கே 160 ரூபாய். (முதலாளி கூலியை இப்படி ஏற்றித் தந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!) பேச்சு மட்டும் மாறவில்லை. அந்தப் பக்கமும் மைதிலி, இந்தப் பக்கமும் மைதிலி. எங்கள் வாலிபர் அங்குள்ள ரிக்ஷாக்காரரோடு சொந்த ஊர்க்காரர் போலவே வாடகை பேசினார்.

எல்லையைத் தாண்டியதும் விராட்நகர். அங்கே ராணி என்ற பகுதியில் அந்த ஆலை நிற்கிறது. 1936-ல் கல்கத்தா மார்வாரி முதலாளியும் நேபாளத்தை ஆண்ட ராணா கும்பலும் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. நேபாளத்தின் முதல் பெரிய ஆலை அதுவே. தொழிலாளர்களில் ஏராளமானவர்கள் பீகார்க்காரர்கள்.

1947 மார்ச்சில் அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆட்சி ராணாக்களின் ஆட்சி என்பதை நினைவில் வையுங்கள். 1846 முதல் தகப்பன், தம்பி, மகன் என்று ஒரே குடும்பம் பிரதம மந்திரி பதவியைச் சொத்தாக வைத்திருந்தது. சங்கம் என்ற சொல்லே குற்றம். பட்டாளம் வந்தது. தலைவர்களைப் பிடித்தார்கள். ரோடு கிடையாது, மலைப் பாதையில் நாள்கணக்கில் நடத்தியே அவர்களைக் காட்மாண்டுக்குக் கொண்டுபோனார்கள்.

யார் அந்தத் தலைவர்கள்? விஸ்வேஸ்வர பிரசாத் கொய்ராலா, அவருடைய தம்பி கிரிஜா பிரசாத் கொய்ராலா, மன்மோகன் அதிகாரி. முன்னவர் 1959-லும், தம்பி 1991-லும் பிரதம மந்திரியானார்கள். கம்யூனிஸ்டான மன்மோகன் அதிகாரி 1994-ல் பிரதம மந்திரியானார். ஒரு சணல் ஆலை வேலைநிறுத்தத்திலிருந்து மூன்று பிரதம மந்திரிகள்! ராணா ஆட்சி 1951-ல் போயிற்று. மன்னராட்சியும் 2008-ல் போயிற்று.

பூட்டிய கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே இருந்த பெரியவர், தன் தகப்பனார் இந்த ஆலையில் நூற்பில் இருந்தவர் என்றார். பெரியவரின் ஒரு மகன் கத்தாரில், மற்றவன் மலேசியாவில். நாங்கள் தறித் தொழிலாளர் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் ஊரில் ஆலைகள் ஓடுகின்றனவா?" ஓடுகின்றன என்றோம். "அப்படியானால் எங்கள் பையன்களை விரட்டாதீர்கள்" என்றார். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

"வடக்கத்தியான் வந்து நம் கூலியைக் கெடுக்கிறான்" என்று நம்மிலேயே சிலர் பேசுகிறோம். கூலியை நிர்ணயிப்பவன் அவனா? நமக்குத் தருவதைவிடக் குறைத்துக் கொடுத்து, பத்துப் பேரை ஒரே அறையில் அடைத்து, அந்த அறைக்கும் வாடகை பிடிப்பவன் யார்? அவன் சங்கத்துக்கு வெளியே இருக்கும்வரைதான் அந்த முதலாளிக்குக் கொண்டாட்டம். 1947-ல் பீகார்க்காரனும் நேபாளியும் சேர்ந்து நின்றிராவிட்டால் விராட்நகரில் ஒரு நாள்கூட வேலை நின்றிருக்காது.

அடுத்த தீர்மானம் அவர்களை அங்கத்தினராகச் சேர்ப்பது பற்றியது. சந்தா ரசீதை இந்தியிலும் அச்சடிக்க வேண்டும். எங்களோடு வந்த வாலிபர் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அச்சுக்கூலிக்குத்தான் இன்று துண்டு ஏந்தி வருகிறோம்.