தண்ணீரில் வந்த விஷமும் ரத்தத்தில் ஏறிய கொழுப்பும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

"உன் ரத்தத்தில் கொலஸ்டிரால் அதிகம்" என்று டாக்டர் சொன்னால், அடுத்து நம் காதில் விழுவது என்ன? எண்ணெயைக் குறை, கறியைக் குறை, பீடியை விடு, தினமும் நட. நல்ல யோசனைதான், யாரும் அதைத் தள்ள வேண்டாம். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. நீ எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாய்? அந்தத் தண்ணீரில் எந்த ஆலை எதைக் கலக்கிறது?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஓஹியோ ஆற்றங்கரை ஜனங்கள் கேட்டார்கள். கேட்டு, பதிலும் பெற்றார்கள். அந்த விவரத்தைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கொலஸ்டிரால் என்றால் என்ன?

அது மெழுகு போன்ற ஒரு கொழுப்பு. வெறும் விஷமல்ல, உடம்புக்குத் தேவையான பொருள். அதில் பெரும்பகுதியை நம் உடம்பே உற்பத்தி செய்கிறது. ஈரலுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. அளவு மீறினால்தான் ஆபத்து. ரத்தக் குழாயின் உட்சுவரில் படிந்து வழியை அடைக்கிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி திறக்கிறது. ஆகவே ஈரலின் வேலையைக் குலைக்கும் எந்தப் பொருளும் இந்தக் கணக்கையும் குலைக்கக்கூடும்.

ஆலை வந்தது, சி-8 வந்தது

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பார்க்கர்ஸ்பர்க் நகருக்கு அருகே டூபாண்ட் கம்பெனியின் ஆலை இருந்தது. ஒட்டாத சட்டிகளுக்குப் பூசுகிறார்களே, அந்த டெஃப்லான் அங்கே தயாரானது. அதைத் தயாரிக்க 1951 முதல் ஒரு ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். எட்டுக் கரி அணுக்கள் கொண்டதால் அதற்கு சி-8 என்று பெயர். கரியும் ஃப்ளூரினும் இறுகப் பிணைந்த அந்தப் பொருள் மண்ணில் மக்காது, தண்ணீரில் சிதையாது. மனித ரத்தத்தில் புகுந்துவிட்டால் அதில் பாதி வெளியேறவே இரண்டு முதல் நான்கு வருஷம் பிடிக்கும். தினம் குடிக்கும் தண்ணீரில் துளித்துளியாக வந்தாலும், உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்.

கம்பெனிக்கு இது தெரியாதா? தெரியும். எலிக்குட்டிகளிடம் பிறவிக் கோளாறு தோன்றுவதாக, சி-8-ஐ விற்ற 3எம் கம்பெனி 1981-லேயே தகவல் கொடுத்தது. உடனே டெஃப்லான் பிரிவில் வேலை செய்த பெண்களை டூபாண்ட் அங்கிருந்து மாற்றியது. 1984-ல் சுற்றுவட்டார ஊர்களின் குழாய்த் தண்ணீரை எடுத்துச் சோதித்தது. சி-8 அதில் இருந்தது. தண்ணீரைக் குடித்த ஜனங்களிடம் மட்டும் சொல்லவில்லை.

பசுக்கள் செத்தன

விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர் வில்பர் டென்னன்ட் என்ற மாட்டுப் பண்ணைக்காரர். அவருடைய மேய்ச்சல் நிலத்துக்கு மேலே கம்பெனியின் கழிவுக் கிடங்கு இருந்தது. அங்கிருந்து வந்த ஓடையில் தண்ணீர் குடித்த பசுக்கள் நூற்றுக்கு மேல் மடிந்தன. உள்ளூரில் அவர் பேச்சு எடுபடவில்லை. ராப் பிலட் என்ற வக்கீல் 1999-ல் வழக்குப் போட்டார். கோர்ட் உத்தரவால் கம்பெனியின் பழைய காகிதங்கள் பெட்டி பெட்டியாக வெளிவந்தன. அவற்றிலிருந்துதான் சி-8 என்ற பெயரே ஊராருக்குத் தெரிந்தது. 2001-ல் ஆறு குடிநீர் வட்டாரங்களின் ஜனங்கள் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2004-ல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது.

இங்கேதான், தோழர்களே, நாம் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. சமரசத்தில் கிடைத்த பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக்கொண்டு அவர்கள் கலைந்துவிடவில்லை. ஊரார் அனைவரின் ரத்தத்தையும் பரிசோதிக்க அதைச் செலவிட்டார்கள். ரத்தம் கொடுத்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னவருக்கு 400 டாலர். 2005, 2006-ல் சுமார் 69,000 பேர் வந்தார்கள். இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட மூன்று விஞ்ஞானிகள் கணக்கை ஆராய்ந்தார்கள்.

ரத்தம் சொன்ன சாட்சி

என்ன தெரிந்தது? அன்று பொதுவாக அமெரிக்கர் ரத்தத்தில் இருந்ததைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு சி-8 அந்த ஊர்க்காரர்களின் ரத்தத்தில் இருந்தது. கொலஸ்டிராலுக்கு மாத்திரை சாப்பிடாத 46,000-க்கு மேற்பட்ட பெரியவர்களின் கணக்கு 2009-ல் வெளியாயிற்று. சி-8 ஏற ஏற, கொலஸ்டிராலும் படிப்படியாக ஏறியிருந்தது. மிகக் குறைவாக சி-8 உள்ள பிரிவுக்கும் மிக அதிகமாக உள்ள பிரிவுக்கும், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 11 முதல் 12 மில்லி கிராம் வரை வித்தியாசம். வயது, உடல் பருமன், புகை, குடி, உடற்பயிற்சி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது.

"எலிக்குக் கொடுத்தால் கொலஸ்டிரால் குறைகிறதே!" என்று ஒரு வாதம் உண்டு. வழக்கமான தீனி தின்னும் எலிக்குக் குறைவது உண்மைதான். ஆனால் மனிதன் எலி அல்ல. மனிதனுக்கு என்ன ஆகிறது என்பதை மனித ரத்தம்தானே சொல்ல வேண்டும்?

பிறகு கம்பெனியின் செலவில் கரி வடிகட்டிகள் வைத்துத் தண்ணீரைச் சுத்தப்படுத்தினார்கள். 2010-ல் 560 பேரை மறுபடி சோதித்தபோது, ரத்தத்தில் சி-8 பாதியாகக் குறைந்தவரிடம் கெட்ட கொலஸ்டிராலும் சுமார் 3.6 சதவிகிதம் குறைந்திருந்தது. தண்ணீர் சுத்தமானால் ரத்தமும் ஓரளவு தேறுகிறது.

2012-ல் விஞ்ஞானிகள் தீர்ப்புச் சொல்லி முடித்தார்கள். சி-8-உடன் அநேகமாகத் தொடர்புள்ள கோளாறுகள் ஆறு: அதிகக் கொலஸ்டிரால், தைராய்டு நோய், குடல் புண் நோய், சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், கர்ப்ப காலத்து ரத்தக் கொதிப்பு. மாரடைப்போடு தொடர்பு உண்டா என்றும் பார்த்தார்கள். அதற்குப் போதிய சான்று இல்லை என்று சொன்னார்கள். அதையும் மறைக்காமல் சொல்கிறோம். கம்பெனி மறைத்தது என்று பேசுகிற நாம், நமக்குச் சாதகமில்லாத பாதியை மறைக்கலாமா?

2017-ல் சுமார் 3,500 வழக்குகளைத் தீர்க்க 67 கோடி டாலர் கொடுக்க டூபாண்டும், அதிலிருந்து பிரிந்த கெமூர்ஸ் கம்பெனியும் சம்மதித்தன. சி-8-ஐ உலகெங்கும் ஒழிக்க 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் முடிவு செய்தன. முதல் பீப்பாய் ஆலைக்குள் வந்து அதற்குள் 68 வருஷம் ஓடிவிட்டது!

நமக்கு இதில் என்ன?

சி-8 தனி ஆள் அல்ல. அதற்கு ஆயிரக்கணக்கான உறவினர் உண்டு. மழையில் நனையாத துணி, கறை பிடிக்காத துணி தயாரிக்க அந்தக் குடும்பத்து ரசாயனங்களைத்தான் பல நாடுகளில் பூசினார்கள். சாக்கடைக் கழிவுச் சகதியை வயலுக்கு உரமாகப் போட்டதால், நிலத்திலும் பாலிலும் இவை ஏறின. அதனால் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-ல் அந்தச் சகதியை வயலில் கொட்டத் தடை விதித்தது. ஆலைத் தொழிலாளிக்கும் வயல் தொழிலாளிக்கும் இது ஒரே விஷயம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. ஆலைக்குள் வரும் ஒவ்வொரு பீப்பாயிலும் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதி ஒட்டு. கழிவுநீரையும் சுற்றுவட்டாரக் கிணற்றையும் சோதித்த காகிதத்தைத் தொழிலாளர் கையிலும் கொடு. வேலையிலிருந்து நின்றவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய். வயலில் கொட்டும் சகதி எங்கிருந்து வந்தது என்று சொல்.

டாக்டர் கொடுக்கும் மாத்திரையை விடாதீர்கள், பீடியை விடுங்கள். ஆனால் "எல்லாம் உன் நாக்கு செய்த குற்றம்" என்று யாராவது சொன்னால் தலை குனிந்து வந்துவிடாதீர்கள். தண்ணீரைச் சோதித்தாயா என்று கேளுங்கள். ஓஹியோ கரையில் ஒரு பண்ணைக்காரர் கேட்டார். 69,000 பேர் கை நீட்டி ரத்தம் கொடுத்தார்கள். பிறகுதான் உண்மை வெளிவந்தது.