பணியாத செங்கல்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உங்க தொழிலைப் பத்தியே பேசுங்க சார், போதும்" என்று நம் சங்கச் செயலாளர் சொன்னார். என் தொழில் உலைகளுக்கு உட்சுவர் கட்டுவது. பாய்லர், சுண்ணாம்புச் சூளை, எஃகு உருக்கும் உலை, எதுவானாலும் வெளியே தெரிவது இரும்புக் கூடு. உள்ளே நெருப்பை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்பது செங்கல். வேலைத்தளத்தில் அதற்கு 'ஃபயர் பிரிக்' என்று பெயர். பாடப் புத்தகத்தில் 'ரிஃப்ராக்டரி'. தமிழில் அதற்கு என்ன பெயர் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

முதலில் கல்லைப் பார்ப்போம். வீடு கட்டும் செங்கல்லை ஏறக்குறைய 900, 1,000 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். சூளையில் தீ அதிகமான இடத்தில் நாலைந்து கல் ஒன்றோடொன்று ஒட்டி, கறுத்து, கண்ணாடி மாதிரி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். செம்மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடும் சுண்ணாம்பும் காரப்பொருள்களும் செய்யும் வேலை அது. அவை மண்ணைச் சீக்கிரம் இளகச் செய்துவிடும். இரும்பு உருகுவதோ 1,538 டிகிரியில். வீட்டுக்கல்லை அங்கே வைத்தால் இரும்புக்கு முன்னால் கல் ஓடிவிடும்.

அந்த இளக்கும் பொருள்கள் குறைவாகவும் அலுமினா கூடுதலாகவும் உள்ள களிமண்ணில் செய்வதுதான் சாதாரண ஃபயர் பிரிக். அதில் அலுமினா சுமார் 25 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். 230 மி.மீ. நீளம், 115 அகலம், 75 கனம் என்பது வழக்கமான அளவு. பழைய கொத்தனார்கள் இன்னும் 'ஒன்பது, நாலரை, மூணு' என்று அங்குலக் கணக்கில்தான் சொல்லுவாங்க. இதற்குச் சிமெண்டுக் கலவை உதவாது. கல்லின் இனத்துக்கேற்ற மண்ணைக் கரைத்து மெல்லிசாகப் பூசி, மரச் சுத்தியால் தட்டி உட்கார வைக்க வேண்டும். இடுக்கு அகலமானால் முதலில் அரிப்பது அந்த இடத்தைத்தான்.

சூட்டைத் தாங்கினால் மட்டும் போதாது. உருகிய கசடு கல்லைத் தின்னும். சிலிக்கா கல்லை அமிலக் கசடு அதிகம் தொடாது; சுண்ணாம்புக் கசடு கரைத்துவிடும். மாக்னீசியா கல்லுக்கு நேர்மாறு. சேலத்துக்காரர்கள் 'வெள்ளைக்கல்' என்று சொல்லும் மாக்னசைட்டைச் சுட்டால் கிடைப்பது இந்த மாக்னீசியாதான்.

இந்தக் குணம் எஃகுத் தொழிலையே மாற்றியிருக்கிறது. பெஸ்ஸமர் உலையில் முதலில் சிலிக்கா உட்சுவர்தான் இருந்தது. அதனால் இரும்பில் உள்ள பாஸ்பரஸை நீக்க முடியவில்லை, எஃகு நொறுங்கியது. ஐரோப்பாவின் பெரும்பகுதித் தாது பாஸ்பரஸ் உள்ளது, என்ன செய்வது? வழி கண்டவர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். இலண்டனில் போலீஸ் நீதிமன்ற குமாஸ்தா. மாலை வகுப்பில் வேதியியல் படித்தவர். உட்சுவரை டாலமைட்டாக மாற்றி, உலைக்குள் சுண்ணாம்பும் போட்டால் பாஸ்பரஸ் கசடோடு போய்விடும் என்றார். உறவினர் பெர்சி கில்கிறிஸ்டோடு வேல்ஸில் சோதித்து 1870களின் கடைசியில் நிரூபித்தார். அந்தக் கசடு வயலுக்கு உரமாகவும் போயிற்று. தாமஸ் 1885-இல், 34 வயதில் காலமானார். மாலை வகுப்பில் படிக்கும் தம்பிகள் இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, சொல்லுக்கு வருகிறேன். 'ரிஃப்ராக்டரி' என்பதன் வேர் லத்தீன். பிடிவாதக்காரன், சொன்னபடி கேட்காதவன் என்று பொருள். அடங்காத ஆளைச் சொன்ன சொல், பிறகு தீக்கு அடங்காத பொருளுக்கும் வந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத நோயையும் மருத்துவர்கள் இதே சொல்லால் குறிப்பிடுவார்கள். இப்போது கணினி மொழிபெயர்க்கிறது அல்லவா? அது இந்தக் கல்லுக்கு வைத்திருக்கும் பெயர் 'பயனற்ற செங்கல்'! மருந்து பயனற்றுப் போனது என்ற பொருளை எடுத்துக் கல்லின் தலையில் கட்டிவிட்டது என்பது என் ஊகம்.

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆலைக்குப் போனேன். பெயர் வேண்டாம். வந்திறங்கிய மாக்னீசியா கற்களின் அடுக்குகளில், கணினி தந்த தமிழில் 'பயனற்ற செங்கற்கள்' என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். புதிதாக வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதைப் படித்தார்கள். கழித்துப்போட்ட கல் என்று நினைத்து, கொட்டகைக்கு வெளியே பழைய இடிபாட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். இரண்டு ராத்திரி நல்ல மழை. மாக்னீசியா தண்ணீரோடு சேர்ந்தால் உப்பி விரிசல் விடும். அந்தக் கல்லை நம்பி உலையைக் கட்ட முடியாது. அத்தனையும் வீண், வேலையும் நின்றது. மேற்பார்வையாளர், "உங்களுக்கெல்லாம் படிக்கத் தெரியாதா?" என்று கத்தினார். வயதான தொழிலாளி ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "படிச்சதாலதான் சார் வெளியே போட்டோம்."

அவர் சொன்னதில் என்ன தப்பு? தமிழை நம்பி நடந்தார். தமிழை எழுதியவர்கள்தான் அதை ஒரு தரம்கூடப் படித்துப் பார்க்கவில்லை.

நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமா? பொன்னுருக்கும் கலத்துக்கு 'மூசை' என்று பெயர் வைத்தவர்கள் நாம். தக்காணத்தில் எஃகு செய்த பழைய மூசைகளில் களிமண்ணோடு உமி கலந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். உமி கருகிய கரியும் அதில் உள்ள சிலிக்காவும் சேர்ந்து, அந்த மண் அத்தனை சூட்டிலும் உருவம் குலையாமல் நின்றது. நெருப்புக்குப் பணியாத மண் எது என்று கைகளுக்குத் தெரிந்திருந்தது.

என் யோசனை எளிது. பொதுப்பெயராக 'வெப்பந்தாங்கு செங்கல்' என்று வைத்துக்கொள்ளலாம். களிமண் வகைக்குத் 'தீச்செங்கல்' போதும். துளை நிறைந்த லேசான கல் ஒன்று உண்டு. சூடு வெளியே போகாமல் தடுப்பது அதன் வேலை. அதை 'வெப்பக்காப்புச் செங்கல்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். தாங்குகிற கல் நெருப்பைப் பார்த்து நிற்கும், காக்கிற கல் அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் இடம் மாறும்; கசடு படுகிற இடத்தில் லேசான கல் போனால் உலை சீக்கிரம் ஓட்டையாகும். இதைவிட நல்ல சொல் உங்களுக்குத் தோன்றினால் சந்தோஷம், அதையே வைப்போம்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் இன்ஜினியராகப் போகும் இடத்தில் தமிழ் அறிவிப்பு எழுதும் பொறுப்பு உங்களிடம் வரலாம். கணினியிடம் உதவி கேளுங்கள், தடையில்லை. ஆனால் ஒட்டுவதற்கு முன்னால், அந்தக் கல்லைத் தூக்கப்போகிற ஆளிடம் ஒரு தரம் படித்துக் காட்டுங்கள். "என்ன புரிஞ்சுதுண்ணே?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் சரியான பரிசோதனை.